கலாவின் பிறந்தநாளும் லைசென்ஸ் கெடுவும்

குழு: பாளையங்கோட்டை வீடு
அக்டோபர் 11, ஞாயிறு

அம்மா, காலை 7:04
கலா, வருகிற வெள்ளிக்கிழமை உன் பிறந்தநாள். நெல்லையப்பர் கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்லியாகிவிட்டது. நீ அங்கே என்ன செய்யப் போகிறாய்?

கலா (ஹூஸ்டன்), 7:11
வகுப்புச் சான்றிதழ்களை எண்ணப் போகிறேன் அம்மா. டெக்சாஸில் நர்ஸ் லைசென்ஸ் பிறந்த மாதத்தின் கடைசி நாளோடு முடிகிறது. இரட்டைப்படை ஆண்டில் பிறந்தவர்களுக்கு இரட்டைப்படை ஆண்டில் கெடு. எனக்கு இந்த 31ஆம் தேதி.

முருகேசன் மாமா, 7:15
இருபது வருடமாக மயக்க மருந்து கொடுக்கிற உனக்கு இன்னும் வகுப்பா? நான் கருவூலத்தில் முப்பத்துநான்கு வருடம் இருந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை.

சாந்தி அத்தை, 7:16
அது உங்கள் கருவூலத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நித்யா (டாலஸ்), 7:18
😂 அப்பா, இதற்குப் பதில் சொல்லாதீர்கள்.
மதினி, எனக்கு உண்மையிலேயே ஒரு சந்தேகம். என் நர்ஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க இரண்டு வருடத்தில் 20 மணி நேர வகுப்பு கேட்கிறார்கள். உங்களுக்கும் அதுதானா, இல்லை வேறு கணக்கா?

கலா, 7:27
அதே 20 மணி நேரம்தான். ஆனால் அது மயக்கவியல் சார்ந்ததாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்களுக்கான தேசிய வாரியத்தின் சான்று காலாவதியாகாமல் கையில் இருந்தாலே அந்த 20ஐ ஒப்புக்கொள்கிறார்கள். தேசியச் சான்றுக்கு நான்கு வருடத்தில் 100 கிரெடிட். அதில் 60 ‘ஏ’ வகை: வகுப்பின் முடிவில் சோதனை வைப்பார்கள். மீதி 40 ‘பி’ வகை, மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது போன்றவை.
இங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். தேசியச் சான்று நான்கு வருடக் கடிகாரம், மாநில லைசென்ஸ் இரண்டு வருடக் கடிகாரம். ஒன்று ஓடுகிறது என்று மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

சாந்தி அத்தை, 7:31
எங்கள் காலத்தில் பெரியாஸ்பத்திரியில் மயக்க மருந்தை டாக்டர்தான் கொடுப்பார். நாங்கள் பக்கத்தில் நின்று நாடி பார்ப்போம், அவ்வளவுதான். நர்ஸே கொடுப்பது என்றால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கலா, 7:34
இங்கே அமெரிக்காவில் அது பழைய வழக்கம் அத்தை. மேயோ கிளினிக்கில் ஆலிஸ் மகா என்ற நர்ஸ், தாம் மயக்கமருந்து கொடுத்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைப் பற்றி 1906ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

நித்யா, 7:36
மதினி, தேசியச் சான்று இருந்தால் 20 மணி நேரம் முடிந்தது என்றீர்களே. பிறகு எதற்கு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?

கலா, 7:48
அதைச் சொன்னால் அழுகை வரும். அந்தச் சான்று இருந்தாலும் தனியாகக் கேட்கிற பாடங்கள் உண்டு. முதியோர் நோயாளிகளைப் பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 2 மணி நேரம். எனக்கு வாரம் முழுக்க இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிகள்தான், ஆகவே தப்ப முடியாது. நர்ஸிங் சட்டமும் நெறியும் 2 மணி நேரம், மூன்று புதுப்பித்தலுக்கு ஒரு முறை. அது போன தடவையே முடிந்தது. இவற்றோடு ஆள் கடத்தல் தடுப்புப் பாடம், 2020 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு முறையும் உண்டு.
அந்தக் கடைசிப் பாடத்தில்தான் கவிழ்ந்தேன். ஓர் இணைய நிறுவனத்தில் பணம் கட்டிப் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். நேற்று இரவு பார்த்தால், மாநிலச் சுகாதாரத் துறை ஒப்புதல் தந்த பட்டியலில் அந்தப் பாடம் இல்லை. பட்டியலில் இல்லாதது செல்லாது. விளம்பரத்தில் ‘அனைத்து மாநிலங்களுக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முருகேசன் மாமா, 7:50
பணம் திரும்பக் கிடைக்குமா?

கலா, 7:51
கேட்டிருக்கிறேன் மாமா. பதில் வரவில்லை. பட்டியலில் இலவசப் பாடங்களே இருக்கின்றன என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

அம்மா, 7:52
மயக்க மருந்து கொடுப்பவளுக்கு ஆள் கடத்தலைப் பற்றி எதற்கு?

கலா, 7:58
அறுவைக்கு முன் நோயாளியிடம் தனியாகப் பேசுகிற சிலரில் நானும் ஒருத்தி அம்மா. கூட வந்தவர் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னால், அடையாள அட்டையை அவரே வைத்திருந்தால், காயத்துக்குச் சொல்கிற கதை பொருந்தாமல் இருந்தால், கவனிக்க வேண்டும். அந்தப் பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு தடவை படிக்க வைத்தார்களே என்பதுதான்.

நித்யா, 8:02
எங்கள் மருத்துவமனை ஆண்டுதோறும் தருகிற பயிற்சிகள் சேருமா? போன மாதம் இதய இயக்க மீட்பு (சிபிஆர்) அட்டையும் புதுப்பித்தேன்.

கலா, 8:06
வேலையிடத்தில் தருகிற வழக்கமான பயிற்சி சேராது. அடிப்படை மீட்புப் பயிற்சியும் சேராது. சான்றிதழ்களை மட்டும் நான்கு வருடமாவது பத்திரமாக வைத்துக்கொள். புதுப்பிக்கும்போது ‘முடித்துவிட்டேன்’ என்று ஒரு குறிதான் போடுவாய், தணிக்கைக்கு உன் பெயர் விழுந்தால் காகிதம் கேட்பார்கள்.
இன்னொன்று. உன் லைசென்ஸ், நர்ஸ் லைசென்ஸுக்காக மாநிலங்கள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சேர்ந்த பிற மாநிலங்களிலும் செல்லும். நாளைக்கு நீ என் படிப்பைப் படித்தால், அந்த லைசென்ஸ் அப்படிப் பயணம் செய்யாது. மாநிலம் மாறினால் புதிதாக விண்ணப்பம், புதிதாக அவர்களுடைய விதிகள். என் தோழி ஃபுளோரிடாவுக்குப் போய் ஒரு முழுக் கோப்பே வைத்திருக்கிறாள்.

முருகேசன் மாமா, 8:09
இவ்வளவு படித்து உருப்படியாகப் புதிதாக ஒன்று தெரிந்ததா, அதைச் சொல்.

கலா, 8:20
கேளுங்கள். நான் படித்தபோது சுகமாடெக்ஸ் என்ற மருந்து அமெரிக்காவில் கிடையாது. 2015 டிசம்பரில்தான் அனுமதி தந்தார்கள். தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் ரோக்குரோனியத்தைப் பிடித்துக் கட்டி, சில நிமிடத்தில் ஆளைத் தானாக மூச்சுவிட வைத்துவிடும். அதே மருந்து கருத்தடை மாத்திரையின் ஹார்மோனையும் பிடித்துக்கொள்ளும். ஆகவே அந்த மாத்திரை சாப்பிடுகிற பெண்ணிடம் ‘ஏழு நாள் வேறு தடுப்பும் வேண்டும்’ என்று சொல்லியாக வேண்டும். இதை என் பழைய பாடப் புத்தகம் எப்படிச் சொல்லும்?
சர்க்கரைக்கும் எடைக்கும் வாரம் ஒரு முறை போடுகிற ஊசியும் அப்படித்தான். வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தவர் வயிற்றிலும் சோறு இருக்கக்கூடும். மயக்கத்தில் அது நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. 2023இல் ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள் என்றார்கள். 2024இல் எல்லோருக்கும் நிறுத்த வேண்டாம், ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று மாற்றினார்கள்.

சாந்தி அத்தை, 8:22
முருகேசன் போட்டுக்கொள்வது அந்த ஊசிதானே?

கலா, 8:22
என்னது?

முருகேசன் மாமா, 8:29
மூன்று மாதமாக. புதன்கிழமை தோறும்.

கலா, 8:30
மாமா, உங்களுக்கு 22ஆம் தேதி குடலிறக்க ஆபரேஷன். மயக்க டாக்டரிடம் சொன்னீர்களா?

முருகேசன் மாமா, 8:33
சர்க்கரை மாத்திரை என்னென்ன என்று கேட்டார். மாத்திரையைச் சொன்னேன். ஊசியைக் கேட்கவில்லை.

கலா, 8:35
நாளைக் காலை முதல் வேலையாகப் போன் செய்து ஊசியின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் சொல்லுங்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

முருகேசன் மாமா, 8:36
சரி.

அக்டோபர் 12, திங்கள்

முருகேசன் மாமா, காலை 10:40
போன் செய்துவிட்டேன். 14ஆம் தேதி ஊசி போடுவதற்கு முன் நேரில் வரச் சொல்கிறார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கஞ்சி, தண்ணீர்தானாம். அக்கா, அன்றைக்கு உன் வீட்டில் ஆப்பம் சுடாதே.

கலா, 10:52
📄 ஆள்கடத்தல்தடுப்பு_சான்றிதழ்.பிடிஎஃப்

கலா, 10:53
மன்னிக்கவும், எனக்கே அனுப்பிக்கொள்ள வேண்டியது இங்கே வந்துவிட்டது. இந்த முறை பட்டியலில் இருக்கிற பாடம்தான்.

நித்யா, 10:54
முடித்துவிட்டீர்களா மதினி! மணி இங்கே நள்ளிரவைத் தாண்டிவிட்டதே.

அம்மா, 11:05
திறந்து பார்த்தேன், எழுத்து பொடியாக இருக்கிறது. அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார்கள், ரோகிணிதானே?