மறு: மின்னடுப்பில் சிவக்கிற கம்பிக்கு என்ன பேர் வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

மின்னடுப்பில் சூடாகிச் சிவக்கிற கம்பியை இங்கிலீஷில் 'எலிமெண்ட்' (heating element) என்கிறார்கள், அதற்கொரு தமிழ்ச்சொல் தேடி நான்கு நாளாக இந்தக் குழுவில் உருட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுத வைத்தது எங்கள் வீட்டு அடுப்பு.

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுப் பொடக்காலியில் (புழக்கடையில்) ஒரு பழைய காயில் அடுப்பு, அதாவது கம்பிச் சுருள் (coil) வைத்த மின்னடுப்பு, இருக்கிறது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் காய்ச்சவும், வெந்நீர் போடவும், கேஸ் தீர்ந்த அன்றைக்கு காப்பி வைக்கவும் ஆகும். ஞாயிற்றுக்கிழமை அம்மா தேங்காயெண்ணெய்ச் சட்டியை அதில் ஏற்றி வைத்தார். அரை மணி நேரம் கழித்துக் குரல் வந்தது: "கண்ணு, இந்தக் காயில் காயவே மாட்டேங்குது, என்னன்னு வந்து பாரு." இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். (சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் வயரிங் மாறி சுவிட்ச் நியூட்ரலில் உட்கார்ந்திருக்கும். அணைத்த பிறகும் அந்த வெற்றுக் கம்பியில் கரண்ட் இருக்கும்.) பீங்கான் தட்டின் பள்ளத்தில் சுற்றிச் சுற்றிப் போகிற சுருள், என்றைக்கோ பால் பொங்கி வழிந்து கருகிய இடத்தில் அற்றுப்போயிருந்தது. புதுக் கம்பி வளைந்து கொடுக்கும். பல வருடம் சிவந்து சிவந்து ஆறிய கம்பி அப்படியில்லை, காய்ந்த ஈர்க்குச்சி மாதிரி. நுனியை லேசாக நிமிண்டினேன், மூன்று துண்டாக ஒடிந்து கையோடு வந்தது.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

திருப்பூர் நண்பர் ஏதோ ஒரு அட்டைப்பெட்டியில் 'வெப்பத் தனிமம்' என்று அச்சடித்திருந்ததைப் படமெடுத்துப் போட்டிருந்தார். வேதியியலில் எலிமெண்ட்டுக்குத் தமிழ் தனிமம், அதாவது இரும்பு, தாமிரம், ஆக்சிஜன் மாதிரி. இந்தக் கம்பியோ நிக்ரோம். ஏறத்தாழ நூற்றுக்கு 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906ல் காப்புரிமை வாங்கிய கலவை. ஆக, தனிமம் அல்லாத ஒன்றைப் பிடித்துத் தனிமம் என்று எழுதியிருக்கிறார்கள். செம்பைவிட ஏறக்குறைய 60 மடங்கு மின்தடை உள்ளது அது. சிவக்கச் சிவக்கச் சூடானாலும் குரோமியம் ஆக்சைடு ஒரு மெல்லிய தோலாக மேலே படிந்து உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். குண்டு பல்பில் இருக்கிற டங்ஸ்டன் இழையைத் திறந்த காற்றில் இப்படிச் சிவக்க விட்டால் எரிந்து தீர்ந்துவிடும்.

'வெப்ப உறுப்பு' எனக்கு ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது. 'வெப்பமூட்டி' முழுச் சாதனத்துக்கு ஏற்கெனவே வழங்குகிற சொல். வெப்பமூட்டிக்குள் வெப்பமூட்டி பழுதாகிவிட்டது என்று எப்படி எழுதுவது?

அதிகம் பேர் கை தூக்கியது 'வெப்பச்சுருள்' என்பதற்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது காயில் என்பதைத் தமிழில் சொல்லிப் பார்க்கிற வேலை, நம் ஊரில் அந்தக் காயில் ஏற்கெனவே இன்னொரு ஆளுக்கு வாழ்க்கைப்பட்டது. 1932ல் நீலகிரியின் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்து, அது மில்லுக்கும் கிணற்றுக்கும் வந்து சேர்ந்த காலத்திலிருந்து, கோயமுத்தூர்ப் பக்கம் காயில் என்றால் மோட்டாரில் கட்டுகிற செம்புக் கம்பிதான். "காயில் போயிருச்சுங்க" என்று யாராவது சொன்னால், எத்தனை எச்.பி. என்றுதான் முதலில் கேட்போம். அந்தச் செம்புச் சுருள் சூடானால் கோளாறு. அடுப்புச் சுருள் சூடாகாவிட்டால் கோளாறு. இண்டக்‌ஷன் அடுப்பில் குழப்பம் இன்னும் கூடும். அதற்குள்ளும் ஒரு சுருள் உண்டு, செம்பில் செய்தது, வட்டமாகக் கொசுவத்தி மாதிரி இருக்கும். ஆனால் அடுப்புக்கு வேண்டிய சூட்டை அது தருவதில்லை. அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, பாத்திரமே தன்னால் சூடாகிறது. அதை வெப்பச்சுருள் என்று எவனாவது மொழிபெயர்த்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். உருவத்தை வைத்துப் பேர் வைத்தால் இதுதான் தொல்லை. செய்கிற வேலையை வைத்துப் பேர் வைப்போம்.

பெருந்துறை அக்கா சொன்ன 'கனலி' வேலையை வைத்து வந்த சொல். இரண்டு நாள் எனக்கும் அதே பித்து. பழைய அகராதிகளில் கனலி என்றால் சூரியன், நெருப்பு. அது பெரிய தடையில்லை, கடைக்குப் போய் யாரும் சூரியன் கேட்கப்போவதில்லை. என் தயக்கம் வேறு. வாளியில் போடுகிற வெந்நீர்க் குச்சி தண்ணீருக்குள் கனல்வதே இல்லை, சிவக்காமலே சுடவைக்கிறது. இஸ்திரிப்பெட்டியின் உள்ளே இருப்பதும் அப்படித்தான். கனலாத கனலி என்று ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டி வரும்.

'சூட்டுக்கம்பி' என்ற யோசனையை காங்கேயம் பக்கத்து ஆட்கள் யாரும் ஏற்க மாட்டார்கள். மாட்டுக்குச் சூடு போடுகிற கோல்தான் கண்ணுக்கு வரும்.

இப்போது அம்மாவின் வாக்கியம். "காயில் காயவே மாட்டேங்குது." தோசைக்கல் காய்ந்தது என்கிறோம், எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடு என்கிறோம், வெயிலில் குளிர் காய்கிறோம். சூடேறுவதற்கு நம் அடுப்பங்கரையில் இருக்கிற வினை 'காய்'. அதோடு 'இழை'யைச் சேர்த்துப் பாருங்கள்:

காயிழை.

வினைத்தொகை. காய்ந்த இழை, காய்கிற இழை, காயும் இழை, மூன்று காலமும் உள்ளே அடக்கம். நெட்டெழுத்துக்குப் பின் வருகிற ஒற்று என்பதால் ய் இரட்டிக்காது. காய்யிழை என்று எழுதிவிடாதீர்கள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சூரியனைக் 'காய்கதிர்ச் செல்வனே' என்று அழைத்துக் கேட்கிறாள் அல்லவா, அதே காய். பல்புக்கு மின்னிழை என்று பள்ளியிலேயே படித்தோம், கேபிளுக்கு ஒளியிழை வந்துவிட்டது. இதுவும் அந்தப் பங்காளி வகைதான். ஆயிழை, சேயிழை என்று பாட்டுடைத் தலைவி சாயல் அடிக்கிறதே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அங்கே இழை நகை, இங்கே நூல்.

குச்சிக்கு இது பொருந்துமா? பொருந்தும். வெந்நீர்க் குச்சியின் குழாயை அறுத்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய நிக்ரோம் சுருள்தான் இருக்கும். சுற்றிலும் வெள்ளைப் பொடி இறுக்கி அடைத்திருப்பார்கள், மெக்னீசியம் ஆக்சைடு. வெப்பத்தை வெளியே விடும், கரண்டை விடாது. இஸ்திரிப்பெட்டியில் மைக்காத் தகட்டில் நாடா மாதிரி சுற்றியிருக்கும். எல்லாவற்றிலும் உள்ளே ஒரு இழை உண்டு. ஆகவே காயிழைத் தண்டு, காயிழைத் தகடு, காயிழைச் சுருள் என்று கிளை விட்டுக்கொள்ளலாம். காதில் காயில் மாதிரியே விழுவதும் எனக்கு ஒரு லாபமாகத்தான் படுகிறது.

ஒருவர் இடையில் புதுச் சுருளை அடுப்பில் மாட்டுகிற விதம் கேட்டிருந்தார். கடைச் சுருள் ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாக, ஒரு சாண் நீளம்கூட இருக்காது. முதலில் ஒரு சணல் கயிற்றைப் பீங்கான் தட்டின் பள்ளம் முழுக்கப் படுக்க வைத்து அளவெடுங்கள். பிறகு சுருளின் இரண்டு நுனியையும் பிடித்து அந்த நீளத்துக்கு ஒரே சீராக இழுங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். ஒரு பக்கம் நெருக்கமாகவும் இன்னொரு பக்கம் கலகலவென்றும் இருந்தால், நெருக்கமான இடம் மட்டும் அதிகமாகச் சிவந்து அங்கேயே சீக்கிரம் அறுந்துவிடும். நான் முதல் தடவை அவசரத்தில் இழுத்து ஒரு சுருளை வீணாக்கினேன். வாட்டைப் பார்த்து வாங்குங்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் சுருளுக்கு ஏறக்குறைய 53 ஓம், 4.3 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் என்றால் 8.7 ஆம்பியர், சின்ன பிளக்கில் சொருகினால் பிளக் உருகும்.

அறுந்த சுருளை முறுக்கி ஒட்டுப் போடுவது நம்மூர் வழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஒடிந்த துண்டை எடுத்துவிட்டு முறுக்கினால் நீளம் குறைகிறது. பத்தில் ஒரு பங்கு போனால் 1000 வாட் அடுப்பு 1100 வாட்டுக்கு மேல் இழுக்கும். "முன்னைக்கு இப்ப நல்லாக் காயுது" என்று அம்மா சந்தோஷப்பட்டது அதனால்தான். முறுக்கின இடம் சரியாகத் தொடாமல் அதிகம் சுட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி அங்கேயே போனது.

காயிழை பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்க.

கோபியிலிருந்து.

பெருந்துறை அக்கா எழுதியது:

தம்பி, கனலியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, பிள்ளைக்கு வைக்கிற பேர் மாதிரி இருந்தது. ஆனால் அந்த வெந்நீர்க் குச்சி உதாரணம் சரிதான். காய் என்றால் காய்கறிக் காயா என்று சின்னப் பிள்ளைகள் கேட்கும். கேட்கட்டும், சொல்லிக்கொடுத்தால் போகிறது. நான் காயிழை பக்கம்.

கரூர் நண்பர் எழுதியது:

ஒரே ஒரு முட்டுக்கட்டைங்க. கொசு விரட்டுகிற திரவ மிஷின் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் கம்பியே கிடையாது. பொத்தான் அளவுக்கு ஒரு பீங்கான் வில்லை இருக்கும். அளவோடு சூடானதும் தானே தடையைக் கூட்டிக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொள்ளும். அதை எப்படி இழை என்பது? உங்கள் வழியிலேயே போய்க் 'காய்வில்லை' என்று வைக்கலாம் என்று பார்த்தேன். எழுதிவிட்டுப் படித்தால் காய்வு இல்லை என்று வருகிறது.

கோபியிலிருந்து மீண்டும்:

கரூர்க்காரர் மாட்டிவிட்டார். அதற்கு 'சூட்டு வில்லை' என்று தனியாக வைத்துக்கொள்வோம், இழை இல்லாததை இழையில் சேர்க்க வேண்டாம்.

கையிருப்புக்கு இன்னொரு சுருள் வாங்க நேற்றுக் கடைக்குப் போனேன். வேண்டுமென்றே, "அடுப்புக்கு காயிழை ஒண்ணு குடுங்க, ஆயிரம் வாட்டு" என்றேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டப்பாவிலிருந்து எடுத்து வைத்தார். எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து சீட்டைப் பிரித்துப் பார்த்தால், 'காயில - 1' என்று எழுதியிருக்கிறது.