பாட்டியின் சுருக்குப்பையும் பையனின் உதடும்

செங்கோட்டை டீச்சர்:
போன செவ்வாய்க்கிழமை நடந்தது, இன்னும் மனம் ஆறவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனைச் செய்யுள் வாசிக்க எழுப்பினேன். வாயைத் திறக்கவே இல்லை. கிட்டே போனால் புதினா வாசம். கைக்குட்டையில் துப்பச் சொன்னேன். புகையிலைத் தூள் அடைத்த சின்ன வெள்ளைப் பை விழுந்தது. கீழுதட்டை இழுத்துக் காட்டினான். பை இருந்த இடத்தில் ஈறு வெந்த சோறு மாதிரி வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. "பீடி இல்ல டீச்சர், புகையே வராது" என்றான். என் பாட்டியும் சுருக்குப்பையில் புகையிலை வைத்திருந்தவள்தான். ஆனால் அவள் திண்ணையில், எல்லோரும் பார்க்க மென்றாள். இவன் என் கண் முன்னால் பாடம் கேட்டுக்கொண்டே வைத்திருந்திருக்கிறான்.

கொழிஞ்சாம்பாறை:
இதே வார்த்தையைத்தான் எங்கள் மாமாவும் சொன்னார், புகை வராது என்று. 2012 மே மாதம் கேரளத்தில் குட்காவைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் தடை வர இன்னும் ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் மாமா வேலந்தாவளம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சரம் சரமாக வாங்கி, பைக் சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார். போன ஆவணியில் என் தங்கை கல்யாணம். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. பாயசத்து வாழைப்பழத்தை இலையிலேயே நசுக்கி, ஆட்காட்டி விரலால் பல்லிடுக்கில் தள்ளினார். அத்தை முந்தானையால் அவர் முகவாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அப்புறம் சாப்பிடவில்லை.

கடையம்:
கொழிஞ்சாம்பாறை அண்ணே, மாமாவுக்கு வந்தது புகையிலையால் மட்டும் இல்லை. வாய் இறுகுவதற்கு முதல் காரணம் குட்காவில் கிடக்கிற பாக்கு. அதைச் சொல்லாமல் விட்டால், வெறும் பாக்குத்தானே என்று போடுகிறவன் போட்டுக்கொண்டே இருப்பான். டீச்சர் அக்கா, திண்ணையில் மென்றாலும் அது புகையிலைதான்.

என் அம்மா நாற்பது வருடமாகப் பீடி சுற்றுகிறாள். மடியில் தட்டு, தட்டில் தூள், ஈர இலை, கத்திரி, நூல். நாங்கள் மூன்று பேரும் படித்தது அந்தத் தட்டில்தான். இப்போது கடையில் வாரம் மூன்று நாளைக்குத்தான் இலை கொடுக்கிறார்கள். போன மாதம் தென்காசிக்குப் பஸ்ஸில் போனோம். டிக்கெட்டை அவள் கையில் கொடுத்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அதைச் சுருட்டி, முனையை நகத்தால் மடக்கிவிட்டாள். செக்கர் வந்து கேட்டபோது விரிக்கத் தெரியாமல் முழித்தாள். பீடி குறைகிறது, நல்லதுதான். அந்தக் கைக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

குமுளி:
பதினெட்டு வருடம் பீடி குடித்தேன். ஏலக்காய் மூட்டையோடு படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், அன்றோடு விட்டேன். என் கதை அவ்வளவுதான்.

கடையம் தம்பி, பீடி குறைந்ததோடு புகையிலை குறைந்ததா என்று பாருங்கள். 2009-10, 2016-17 என்று இரண்டு தடவை நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். கேரளத்தில் பெரியவர்களிடம் பழக்கம் 21.4 சதவீதத்திலிருந்து 12.7 ஆகக் குறைந்தது. நம் தமிழ்நாட்டில் 16.2 ஆக இருந்தது 20 ஆகக் கூடியது. நாடு முழுக்கப் புகைக்கிறவர்களைப் போல இரண்டு மடங்கு பேர் வாயில் வைக்கிறவர்கள்.

விட நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். முதல் மூன்று நாள்தான் பெரும்பாடு. ஆசை வந்தால் சில நிமிடத்தில் தணிந்துவிடும், அதுவரை ஒரு கிராம்பைக் கடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள், டீக்கடைப் பக்கம் போகாதீர்கள். டீயும் பீடியும் ஒன்றையொன்று இழுக்கும். புகையிலைப் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று எண் போட்டிருக்கிறார்கள், காசில்லாமல் பேசலாம். வாயில் வைக்கிற பழக்கம் இருந்தால் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் நாளைக்கே பல் டாக்டரிடம் போங்கள். ஈறு வெளுத்திருந்தாலும் அதே. டீச்சர், அந்தப் பையனை அடிக்காதீர்கள், அவன் வீட்டுக்குப் போங்கள்.

செங்கோட்டை டீச்சர்:
அடிக்கவில்லை அண்ணா. வீட்டுக்குப் போனேன், அவன் அம்மாவும் பீடி சுற்றுகிறவர்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். நாளை பல் டாக்டரிடம் கூட்டிப்போகிறோம்.

இன்று வகுப்பில் எல்லோரையும் மூன்று விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவனுக்கு நுழைந்தது. கடைசி பெஞ்சில் இன்னொருவன், முதல் மார்க் வாங்குகிற பையன், கையை மேஜைக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை.