பாதையில முள்ளு, காண்ட்ராக்டரைக் காணோம் (உச்சிப்புளி பக்கம் வீடு)

பனங்காட்டான்:
உச்சிப்புளியில கடல் பக்கமா 6 சென்ட் வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன். தார் ரோட்டுல இருந்து மனைக்கு 200 அடி மணல் பாதை, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோட பனைக்கு நடுவுல. வித்தவர் "காலங்காலமா வண்டி போற பாதை"ன்னார். மாட்டு வண்டியைச் சொல்லியிருக்கார்னு இப்பத்தான் புரியுது. வைகாசியில ஜல்லி ஏத்தி வந்த டிப்பர் அச்சு வரைக்கும் புதைஞ்சு, ஜேசிபி வச்சு இழுத்ததுல நாலு வடலி (இளம்பனை) நசுங்கிப் போச்சு. மறுநாள் காலையில பாதை நெடுக சீமைக்கருவேல முள்ளு.

காண்ட்ராக்டர் பேஸ்மட்டம் முடிச்சு, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற மட்டம்) வரைக்கும் காசு வாங்கிட்டு, தூண் கம்பியை நிறுத்தினதோட சரி. போன் போட்டா "பாதையைச் சரி பண்ணுங்க சார், நாளைக்கே வர்றேன்". அவர் ஆளுங்க ராமநாதபுரத்துல வேற வீட்டுக்கு சென்ட்ரிங் அடிச்சிக்கிட்டு இருந்ததை நானே பார்த்தேன். ஆவணி பிறந்தாச்சு. கம்பியைப் பிடிச்சுட்டுக் கையை விரிச்சா மருதாணி வச்ச மாதிரி இருக்கு. ஐப்பசி மழைக்குள்ள லிண்டலாவது ஆகணும். கேஸ் போடவா, ஆளை மாத்தவா?

பத்திர எழுத்து:
முதல்ல புலப்படத்துல (சர்வே வரைபடம்) வண்டிப்பாதை காட்டியிருக்கான்னு பாருங்க, நெட்லயே கிடைக்கும். இல்லேன்னா மூலப் பத்திரத்தை எடுங்க. ரெண்டு நிலமும் ஒரு காலத்துல ஒருத்தர்கிட்ட இருந்து பிரிஞ்சு, உங்களுக்கு வேற வழியே இல்லேன்னா அடுத்தவர் நிலத்து வழியாப் போற உரிமையைச் சொல்ற 1882 வசதியுரிமைச் சட்டம் கை கொடுக்கும். 20 வருஷம் தடையில்லாம புழங்கினதையும் காட்டலாம். ஆனா மாட்டு வண்டி போன உரிமை லாரிக்கும் சேருமான்னு அங்கேயே இன்னொரு வாதம் கிளம்பும். அதுக்குள்ள உங்க கம்பி மண்ணாயிடும். அது கிடக்கட்டும், வடலிக்குக் காசு குடுத்தீங்களா?

கொத்தனார் மகன், பெரியபட்டினம்:
அண்ணே, கம்பியில செம்மண் மாதிரி படிஞ்சிருந்தா பயமில்ல. கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சு, கெட்டியா சிமெண்ட் பால் அடிச்சு விடுங்க. செதில் செதிலா உரியுது, குழி விழுந்திருக்குன்னா இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாம கான்கிரீட் போட விடாதீங்க. கடல் காத்துக்கு தூணுல கவர், அதான் கம்பியை மூடி நிக்கிற கான்கிரீட் கனம், 45 மில்லி வேணும். கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லிக் கல்லைச் சொருகுவாங்க, நின்னு பாருங்க. போர் தண்ணி உப்புக் கரிச்சா கலவைக்கும் வேணாம், நனைக்கவும் வேணாம், டேங்கர்ல வாங்குங்க.

லாரியை உள்ள விடவே வேணாம். ரோட்டோரம் தட்டிட்டு டிராக்டர்ல அரை லோடா அடிக்கலாம். கூலி கூடும்தான். ஆனா அந்தாளுக்குச் சாக்கு இருக்காது பாருங்க. இனி காசும் வேலை முடிய முடியத்தான்.

பனங்காட்டான்:
வடலிக்குக் குடுக்கல. காண்ட்ராக்டர் குடுப்பார்னு இருந்துட்டேன். நேத்து சாயங்காலம் போனேன். பெரியவர் காசை வாங்கல. "டிராக்டர்னா போகட்டும், பெரிய வண்டி வேணாம். ஆடியில கேட்டிருந்தா அப்பவே முள்ளை எடுத்திருப்பேன்"னார். காண்ட்ராக்டருக்குச் சொல்லிட்டேன். அப்ப இருந்து போன் சுவிட்ச் ஆஃப். பெரியபட்டினம் தம்பி, உங்கப்பாவுக்கு இப்ப வேலை எதுவும் ஓடுதா?