நூலகத்துல குத்துச்சண்டை பேச்சு: 38,000 ரூபா எதுக்கு?

குவைத்துலேந்து:

எல்லாருக்கும் வணக்கம். விழாவுக்கு 38,000 ரூபா வேணும்னு நம்ம சங்கச் செயலாளர் தம்பி போட்ட மடல் பாத்தேன். ராயபுரம் கிளை நூலகத்துல நம்ம தபால் அண்ணன் குத்துச்சண்டை வரலாறு பேசப்போறாரு, சந்தோசம். ஆனா 38,000 எப்படி வந்துச்சுன்னு புரியல. ஹால் நூலகத்துது, சேர் வாசகர் வட்டத்துது, பேசறவரு தனக்கு காசே வேணாம்னுட்டாரு. மைக் செட்டு, பேனரு, டீ பிஸ்கட் எல்லாம் சேத்தாலும் பத்தாயிரம் தாண்டாது. மிச்சம் மொத்தமும் "இதர செலவு"ன்னு ஒரே வரி! கேரம் போர்டு வாங்கின பில்லே இன்னும் வரல, நான் ஒண்ணும் மறக்கல. ஊர்ல வீடு வச்சிருக்கறவங்க எல்லாரும் சொத்து வரியோட நூலக வரி 10 சதவீதம் கட்டிகினுதான் இருக்கோம். அதுக்கு மேல ஆசை இருந்தா 1,000 ரூபா கட்டி புரவலர் ஆகலாம், நூலகரே ரசீது குடுப்பாரு. நடுவுல சங்கம் எதுக்கு?

மெல்போர்ன்லேந்து:

மாமா, காசு கெடக்கட்டும். அண்ணன் அனுப்பின குறிப்ப படிச்சீங்களா? 1743ல பிராட்டன்ற இங்கிலீஷ் பாக்சர் போட்ட சட்டம், 1867ல கிளவுஸ் போட்டு ஆடறதுக்கு வந்த குவீன்ஸ்பெரி விதி, மூணு நிமிசம் ரவுண்டு, ஒரு நிமிசம் ரெஸ்ட்டுன்னு பாதி நேரம் லண்டன்லயே போவுது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார்னு நம்ம வடசென்னை குத்துச்சண்டை பரம்பரை மூணுக்கும் சேத்து பத்து நிமிசமாம். சார்பட்டா பாக்சர் கித்தேரி முத்து வெள்ளக்கார பாக்சர் நாட் டெர்ரியோட மோதினதுக்கு ஒரு வரி. 1994ல பாங்காக் உலகக் கோப்பையில வெண்கலம் வாங்கின நம்ம பாக்சர் தேவராஜன் பேரையே காணோம். வெள்ளக்காரன் கதைய கேக்க ராயபுரத்துல வந்து ஏன் உக்காரணும், அவன் ஊர்லயே கேட்டுக்கலாமே? எங்க தாத்தா பேரும் இல்ல. ஏன் இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும், அந்த கல்யாணத்துல நடந்தத அண்ணன் இன்னும் மனசுல வச்சிகினு கீறாரு.

டொராண்டோலேந்து:

தம்பி, கல்யாணப் பேச்ச இங்க இழுக்காத, உங்க அத்தையும் இந்தக் குழுவுலதான் இருக்காங்க. நான் அம்மாவ பாக்க வந்தப்ப அண்ணன் வீட்டுக்குப் போனேன், மனசே சரியில்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி பூந்து பழைய நோட்டீஸ் கட்டு பூரா நனைஞ்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி. "ரோசமான குத்துச்சண்டை"ன்னு கொட்ட எழுத்துல போட்டு கண்ணப்பர் திடல்னு கீழ அச்சடிச்சிருக்குமே, அதேதான். பிரிக்கப் போனா கிழியுது, பிரிஞ்சதுல பாதி எழுத்து போயிடுச்சி. அவரும் கட்டில்ல உக்காந்து ஒவ்வொண்ணா பேன் காத்துல காய வைக்கறாரு, அந்த தூசியில இருமலு வேற, டாக்டர்கிட்ட போங்கண்ணான்னா போறேன் போறேன்னு சொல்லிகினே இருக்காரு. மிச்சம் இருக்கறதயாவது ஸ்கேன் பண்ணணும், "இதர செலவு"ல பாதி அதுக்குத்தான்.

ஏன்ணா லண்டன்லேந்து ஆரம்பிக்கறீங்கன்னு நானும் கேட்டேன். இப்ப இருக்கற பசங்க படத்துல பாத்ததோட சரியாம், முன்னாடியெல்லாம் ரவுண்டுக்கு நிமிசக் கணக்கே கெடையாது, ஒருத்தன் கீழ விழுந்தாதான் ரவுண்டு முடியும்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்களாம். 1889ல கூட அமெரிக்காவுல சல்லிவனும் கில்ரெய்னும் அந்த பழைய விதிப்படியே வெறுங்கையோட 75 ரவுண்டு அடிச்சிகிட்டாங்க, அதச் சொன்னாத்தான் கிளவுஸ் போட்டு மணியடிச்சி நம்மாளுங்க ஆடினது என்னான்னு புரியும்ன்றாரு. எனக்கு அது நாயமாத்தான் படுது. ஆனா பத்து நிமிசம் பத்தாது, அத நானே சண்ட போட்டு அரை மணி ஆக்கிட்டேன். தேவராஜனும் சேந்தாச்சு.

மாமா, மீதிப் பாதிய செயலாளர் வெளிய எழுதல, நான் எழுதறேன். அன்னைக்கு பழைய பாக்சருங்க சில பேர மேடையில உக்கார வைக்கறோம், ஆளுக்கு ஒரு கவரு. பேரு போட்டா ஒருத்தர் வரவே மாட்டாரு, யாருன்னு உங்களுக்கே தெரியும். அவருக்கு இப்ப கை நடுங்குது, டம்ளரு புடிக்க முடியல. 1980ல முகமது அலி நேரு ஸ்டேடியத்துக்கு வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினாரே, எம்.ஜி.ஆர் கூட வந்திருந்தாரு, நம்ம மெட்ராஸ் பாக்சர் ராக்கி பிராஸும் அலிகூட ரிங்குல ஆடினாரு, அத முழுசா சொல்ல இவர விட்டா ஆளில்ல. எங்கப்பாவும் அலிக்கு கை குடுத்தேன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. அப்படிச் சொல்றவங்க எல்லாரையும் கூட்டினா ஸ்டேடியம் பத்தாது, அது வேற விசயம்.

குவைத்துலேந்து:

இத முதல்லயே எழுதியிருக்கலாம்லமா. எத்தன கவரு, ஒண்ணுக்கு எவ்வளவு, ஸ்கேன் கூலி எவ்வளவு, இந்த மூணு மட்டும் எழுது, பேரு வேணாம். என் பங்க நாளைக்கே போடறேன். பொன்னாடைக்கு மட்டும் ஒரு பைசா தர மாட்டேன், அந்தக் காசையும் கவருலயே வைங்க. தாத்தா பேரு சேரணும்னு கேக்கற மெல்போர்ன் தம்பி அவர் போட்டோ, நோட்டீஸ் எதாவது இருந்தா அண்ணனுக்கு அனுப்பட்டும், கூட காசும் அனுப்பட்டும். பேனர்ல என் பேரு வேணவே வேணாம், போன விழாவுல இனிஷியல மாத்திப் போட்டு எங்க சித்தப்பாவ நன்கொடையாளர் ஆக்கிட்டாங்க.