புதுப்பிப்பு: சோலார் பேட்டரி சாயங்காலமே காலியாகுதுன்னு கேட்டிருந்தேன்ல, காரணம் சிக்கிருச்சு

நல்ல வெயில் அடிச்சும் பொழுது சாயுறதுக்குள்ள பேட்டரி காலி, பில்லும் குறையலைன்னு போன தடவை புலம்பியிருந்தேன், பேட்டரி மேல தப்பே இல்லைங்க. மெயின் வயர்ல மாட்டுற சிடி கிளாம்ப் (கரண்ட் எவ்வளவு, எந்தப் பக்கம் போகுதுன்னு இன்வெர்ட்டருக்குச் சொல்ற சென்சார்) தலைகீழா இருந்திருக்கு, அதுல இருக்குற குட்டி அம்புக்குறி டார்ச் அடிச்சுப் பார்த்தாதான் தெரியுது. அதனால வெளிய போற கரண்ட்டை உள்ள வர்றதா நினைச்சுக்கிட்டு இன்வெர்ட்டர் பேட்டரியையும் சேர்த்து கிரிட்டுக்கு, அதாவது வெளிய இருக்குற கரண்ட் லைனுக்கு, ஊத்திட்டு இருந்துச்சு, கொடுமை! எலக்ட்ரீஷியனை வச்சு திருப்பி மாட்டியாச்சு.

அப்புறம் வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் ரெண்டையும் மதியத்துக்கு மாத்திட்டேன், பேட்டரில ஏத்தி எடுத்தா 100க்கு 10 போல வீணாகுது, நேரா ஓட்டுறதுதான் லாபம். ரெண்டும் ஒண்ணா ஓடினா கிரிட்ல இருந்து இழுக்குது, அதான் டைமரை தள்ளி வச்சிருக்கேன். இப்போ பேட்டரி விடியற வரைக்கும் தாங்குது.