ஜெர்மனி சான்சன்கார்ட்டே: 5 பாயிண்ட்தான் வருகிறது, அவசர உதவி தேவை

கோவை_மெக்
எல்லோருக்கும் வணக்கம். ஜெர்மனிக்கு வேலை தேடும் விசா, அதாவது சான்சன்கார்ட்டே போடலாம் என்று இருக்கிறேன். இங்கே ஒரு கன்சல்டன்சியில் எனக்கு 5 பாயிண்ட்தான் வருகிறது, 6 வேண்டும், ஜெர்மன் மொழியில் இரண்டாம் படியான ஏ2 முடித்துவிட்டு வாருங்கள் என்கிறார்கள். பிளாக்டு அக்கவுண்ட் (செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டப் பூட்டிவைத்து, மாதாமாதம் கொஞ்சம் எடுக்கும் கணக்கு) திறந்து 11,904 யூரோ போட்டுவிட்டேன். கம்பெனியில் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய நேரமும் நெருங்குகிறது. இன்னும் ஒரு பாயிண்ட்டுக்கு ஏதாவது வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேலைதேடி
ப்ரோ, வயது என்ன, என்ன படிப்பு, எந்த யுனிவர்சிட்டி, எத்தனை வருட அனுபவம்? ஒன்றுமே சொல்லாமல் 5 பாயிண்ட் என்றால் நாங்கள் எங்கிருந்து எண்ணுவது?

திருச்சி_செவிலி
கல்யாணம் ஆகிவிட்டதா? மனைவியும் தகுதி உள்ளவராக இருந்து இரண்டு பேரும் சேர்ந்தே விண்ணப்பித்தால் 1 பாயிண்ட் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால் நீங்கள் உங்கள் படிப்புக்கு ஜெர்மன் அங்கீகாரம் கேட்டு முதலில் எழுதிப்போடுங்கள். படிப்பைப் பகுதி அளவுக்கு ஏற்றுக்கொண்டார்கள் என்றாலே 4 பாயிண்ட். எங்கள் நர்சிங்கில் எல்லோரும் அந்த வழியில்தான் போகிறார்கள்.

பெர்லின்வாசி
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு வந்து கேட்கும் பழக்கம் இருந்தால் பாதி இழைகளுக்கு வேலையே இருக்காது. போகட்டும். 11,904 என்பது மாணவர் விசாவுக்கான தொகை, மாதம் 992 கணக்கு. சான்சன்கார்ட்டேக்கு 2025-இல் மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. இதைக்கூடப் பார்க்காமல் பணத்தைப் போட்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் நோட்டீஸ் வேறு கொடுக்கப் போகிறீர்களா?

கோவை_மெக்
வயது 31. பி.இ. மெக்கானிக்கல். டிசைனில் 4 வருடம், இப்போதும் அதே வேலைதான். ஐஇஎல்டிஎஸ் 7. ஜெர்மன் ஏ1 வரை படித்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. 13,092 என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வேலைதேடி
அனுபவத்துக்கு 2 (கடைசி 5 வருடத்தில் 2 வருடம் இருந்தால் போதும்), வயது 35-க்குள் என்பதால் 2, ஐஇஎல்டிஎஸ் 7 என்பது ஆங்கிலத்தில் சி1 நிலை, அதற்கு 1. ஆக 5. ஏ1-க்குப் பாயிண்ட் கிடையாது, ஏ2-வுக்கு 1, பி1-க்கு 2, பி2-க்கு 3. கன்சல்டன்சி சொன்னது சரிதான் போலிருக்கிறது.

நெல்லை_மைந்தன்
ஏ2-வோடு நிற்காதீர்கள் தம்பி. பி1 முடித்துவிட்டுப் போங்கள். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவனில் சேர்ந்து ஒழுங்காகப் படித்தால் பாயிண்ட்டும் வரும், வேலையும் வரும். என் அனுபவத்தில் பாஷை இல்லாமல் போனவர்கள் எல்லோருமே கையிருப்பு கரைந்து திரும்பி வந்தவர்கள்தான்.

ஷ்டுட்கார்ட்_தமிழன்
ஒரு நிமிடம். யாரும் முக்கியமான கேள்வியைக் கேட்கவில்லை. கோவை நண்பரே, உங்கள் டிகிரி சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது? கல்லூரிப் பெயர் வேண்டாம், பட்டம் கொடுத்தது யார்?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூன் 1-இல் இந்தக் கார்டு வந்ததிலிருந்து எல்லோரும் பாயிண்ட் பாயிண்ட் என்றே அலைகிறார்கள். ஆனால் இதற்கு இரண்டு வழி இருக்கிறது. உங்கள் பட்டம் ஜெர்மனியில் முழுமையாக ஏற்கப்படும் பட்டம் என்றால் நீங்கள் 'ஃபாக்கிராஃப்ட்', அதாவது தகுதி பெற்ற பணியாளர். அப்போது பாயிண்ட்டே எண்ண மாட்டார்கள், செலவுக்குப் பணம் காட்டினால் போதும். அந்த முழு ஏற்பு இல்லாதவர்களுக்குத்தான் 6 பாயிண்ட் கணக்கு.

பார்ப்பது எப்படி என்றால், வெளிநாட்டுப் பட்டங்களை ஜெர்மனி எப்படி மதிக்கிறது என்று பார்க்க அனபின் என்று ஒரு தளம் இருக்கிறது, ஜெர்மன் மொழியில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். அதில் கல்வி நிறுவனங்கள் பகுதியில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். எச் பிளஸ், அதாவது ஏற்கப்பட்ட நிறுவனம் என்று இருக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் எச் பிளஸ்தான். அப்புறம் பட்டங்கள் பகுதியில் உங்கள் பி.இ.-யைத் தேடுங்கள். 'என்ட்ஸ்ப்ரிஹ்ட்' (ஒத்தது) அல்லது 'கிளைஷ்வெர்டிஹ்' (சமமானது) என்று போட்டிருந்தால் இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். எச் பிளஸ் மைனஸ் என்று இருந்தாலோ பட்டமே பட்டியலில் இல்லாவிட்டாலோ இசட்ஏபி எனும் ஜெர்மன் கல்வி மதிப்பீட்டு அலுவலகத்தில் தனியாக மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும், கட்டணம் 208 யூரோ. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

பெர்லின்வாசி
தவறான வழிகாட்டல். இன்ஜினியர் என்பது ஜெர்மனியில் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட தொழில். மாநில இன்ஜினியர் சேம்பரில் (பொறியாளர் மன்றம்) அங்கீகாரம் வாங்காமல் ஃபாக்கிராஃப்ட் ஆக முடியாது. அரைகுறையாகத் தெரிந்ததை வைத்து அடுத்தவரின் பணத்தோடு விளையாடாதீர்கள்.

ஷ்டுட்கார்ட்_தமிழன்
ஐயா, பெயருக்கு முன்னால் இன்ஜினியர் என்று போட்டுக்கொள்ளத்தான் சேம்பரின் அனுமதி வேண்டும். ஒரு பம்ப் கம்பெனியில் உட்கார்ந்து டிசைன் செய்வதற்கு வேண்டியதில்லை. மருத்துவர், செவிலியர் கதை வேறு, அவர்களுக்கு உரிமம் இல்லாமல் வேலையே செய்ய முடியாது. திருச்சி சகோதரி சொன்ன 4 பாயிண்ட் வழி அவர்களுக்குப் பொருந்தும், இவருக்குத் தேவைப்படாது.

அது மட்டுமல்ல, பாயிண்ட் வழியிலேயே போனாலும் இவருக்கு 6 வருகிறதே. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு 1 பாயிண்ட் உண்டு, இன்ஜினியர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அதைக் கன்சல்டன்சியும் எண்ணவில்லை, இங்கேயும் எண்ணவில்லை.

வேலைதேடி
ஆமாம், அது விட்டுப்போனது. 5 + 1 = 6. நல்லதாகப் போயிற்று.

பெர்லின்வாசி
இங்கே பத்து வருடமாக இருப்பவன் சொல்கிறேன். தூதரக அதிகாரி எப்படிப் பார்க்கிறாரோ அதுதான் முடிவு. நம்பினால் நம்புங்கள்.

துபாய்_குமரன்
இவ்வளவு சிரமம் எதற்கு? அமீரகத்தில் வேலை தேட 60, 90, 120 நாள் விசா இருக்கிறது, ஸ்பான்சர் வேண்டாம். 13 லட்சத்தை ஒரு வருடம் முடக்கிவைப்பதற்குப் பதில் இங்கே வந்து நேரில் இன்டர்வியூ கொடுங்கள்.

நெல்லை_மைந்தன்
அவர் ஜெர்மனி கேட்கிறார், நீங்கள் துபாய் சொல்கிறீர்கள். விசா கிடைப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பாயிண்ட் 6 ஆகிவிட்டது என்று ஏ1-ஐ வைத்துக்கொண்டு விமானம் ஏறினால் ஒரு வருடம் பறந்துவிடும்.

கோட்_கார்த்தி
பெர்லினில் ஆங்கிலத்தை வைத்தே வேலை வாங்கியவர்கள் ஏராளம். என் டீமில் பாதிப் பேருக்கு ஜெர்மன் தெரியாது. பி1, பி2 என்று பயமுறுத்தாதீர்கள்.

நெல்லை_மைந்தன்
உங்கள் டீம் சாஃப்ட்வேர். இவர் மெக்கானிக்கல்.

ஷ்டுட்கார்ட்_தமிழன்
இதில் நெல்லை அண்ணன் பக்கம்தான் நான். மெக்கானிக்கல் வேலைகள் பெர்லினில் குறைவு, இங்கே பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் சின்னச் சின்ன ஊர்களில் இருக்கும் குடும்பக் கம்பெனிகளில் இருக்கின்றன. ஷ்வைன்ஃபூர்ட்டில் பேரிங், ஹைல்ப்ரோன் பக்கம் வாகன உதிரிபாகம், இப்படி. டிராயிங்கில் உள்ள குறிப்பே ஜெர்மனில் இருக்கும், ஷாப் ஃப்ளோரில் ஃபோர்மேன் ஜெர்மனில்தான் பேசுவார். விசாவுக்கு ஏ1 கூடத் தேவைப்படாமல் போகலாம், ஆனால் அந்த ஃபோர்மேனிடம் என்ன பேசுவீர்கள்? அதனால் விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள், முடிவு வரும்வரை வகுப்பை நிறுத்தாதீர்கள். இரண்டும் கூடவே நடக்கட்டும்.

கோட்_கார்த்தி
அப்படியானால் இந்தியாவிலிருந்தே வேலை தேடி நேராக ப்ளூ கார்டில் (வேலை உறுதியானவர்களுக்கான விசா) வரலாமே? பற்றாக்குறைத் தொழிலுக்கு 2025-இல் வருடச் சம்பளம் 43,759.80 யூரோ இருந்தால் போதும். கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு வந்து தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஷ்டுட்கார்ட்_தமிழன்
முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் சின்னக் கம்பெனிகள் கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவருக்காக விசாவுக்குக் காத்திருக்கத் தயங்குகின்றன. ஆள் இங்கே இருந்தால் இரண்டு வாரம்வரை சோதனை வேலைக்கு உட்கார வைத்துப் பார்க்கலாம், அதற்கு இந்தக் கார்டில் இடம் இருக்கிறது. வேலையைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் நம்புவார்கள். வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் செய்யலாம். 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ, வாடகைக்காவது ஆகும்.

டோர்ட்முண்ட்_அக்கா
தம்பி, நான் யாழ்ப்பாணத்து ஆள், இங்கே வந்து வெகுகாலம். பொடியள் நிறையப் பேர் இந்தக் கார்டில் இப்போது வருகிறார்கள். வந்தவுடன் அவர்கள் முழிக்கிறது வீட்டுக்குத்தான். வீட்டுப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பது கரைச்சல், வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் பூட்டிவைத்த காசிலிருந்து மாதாமாதம் வருவதும் கைக்கு வராது. முதல் இரண்டு மாதத்துக்குத் தனியாகக் கொஞ்சம் காசு வைத்துக்கொண்டு வாருங்கள். பதிவு செய்ய விடுகிற அறையாகப் பார்த்து எடுங்கள், சும்மா ஹோட்டல் அறை உதவாது. டொச் (ஜெர்மன் மொழி) படிப்பதை விடவேண்டாம்.

யாழ்_பட்டதாரி
அக்கா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் இதே அனபின் முறைதானா? கொழும்பில்தான் விண்ணப்பிக்க வேண்டுமா?

திருச்சி_செவிலி
கோவை அண்ணா என்ன ஆனார்? பாதியில் காணவில்லை.

பெர்லின்வாசி
நோட்டீஸ் கொடுத்திருப்பார்.

கோவை_மெக்
இல்லை, கொடுக்கவில்லை. அனபினில் பார்த்தேன். அண்ணா பல்கலை எச் பிளஸ், என் பட்டத்துக்கு நேரே என்ட்ஸ்ப்ரிஹ்ட். இரண்டையும் பிரிண்ட் எடுத்தாயிற்று. பிளாக்டு அக்கவுண்ட்டில் மீதி 1,188 யூரோவைப் போட்டுப் புதிய உறுதிச் சான்று கேட்டிருக்கிறேன். ஆவணங்களை ஆன்லைன் போர்ட்டலில் ஏற்றப் போகிறேன், 75 யூரோ விசா கட்டணம் போதும் என்று தெரிந்தபின் கன்சல்டன்சிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏ2 வகுப்பிலும் சேர்ந்துவிட்டேன். ஷ்டுட்கார்ட் அண்ணாவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

நெல்லை_மைந்தன்
பி1 வரை போங்கள் தம்பி.

ஷ்டுட்கார்ட்_தமிழன்
நல்லது. விசா கையில் வந்தபின் நோட்டீஸ் கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். பயணத் தேதியை விண்ணப்பத்தில் நோட்டீஸ் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எழுதுங்கள். யாழ் நண்பருக்கு: ஆமாம், அதே முறைதான், நாட்டை மட்டும் இலங்கை என்று மாற்றித் தேடுங்கள். விண்ணப்பம் கொழும்பில் உள்ள ஜெர்மன் தூதரகத்துக்கு. என்ன பட்டம், எத்தனை வருடப் படிப்பு என்று சொல்லுங்கள், மூன்று வருடமா நான்கு வருடமா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.