கொலோசியம் டிக்கெட்ல பேர் தப்பா போட்டுட்டேன், உள்ள விடுவாங்களா? இனிஷியல் குழப்பம், அவசரம்

பொள்ளாச்சிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஃபேமிலியோட மொத தடவை இத்தாலி போறோம், நான், வீட்டம்மா, அப்பா, அம்மா, 9 வயசுப் பையன். ரோம்ல 4 நாள், சனி டு செவ்வாய். கொலோசியம் டிக்கெட் 30 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகும்னாங்க, அலாரம் வெச்சு உக்காந்து அவங்க அஃபிஷியல் சைட்லயே திங்கக்கிழமை காலைல 9.30 ஸ்லாட் புடிச்சுட்டேன். ஆளுக்கு 18 யூரோ, பையனுக்கு ஃப்ரீ, ஆனா அவனுக்கும் டிக்கெட் எடுத்தே ஆகணும். அது வரைக்கும் நல்லாத்தான் போச்சு.

ஒவ்வொருத்தருக்கும் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் கேட்டுச்சுங்க, டைமர் வேற ஓடிட்டு இருக்கு, அங்கதான் கோட்டை விட்டேன். அப்பா பாஸ்போர்ட்ல சர்நேமே கிடையாது, வெறும் ராமசாமின்னு மட்டும்தான் இருக்கும். லாஸ்ட் நேம் காலியா விட்டா ஃபார்ம் நகர மாட்டேங்குது, அதனால அவர் இனிஷியல் 'கே' போட்டுட்டேன். வீட்டம்மாவுக்கு பழக்க தோஷத்துல எம்பேரையே லாஸ்ட் நேமா அடிச்சுட்டேன், பாஸ்போர்ட்ல பாத்தா அவங்கப்பா பேர் இருக்கு. அம்மா பேர் ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து மாறிருக்கு. எனக்கும் பையனுக்கும் மட்டும் சரி. இப்ப டிக்கெட்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான், பேரும் ஐடியும் ஒத்துப்போகணும்னு. ரீஃபண்டும் கிடையாதாம். யாராவது இப்படி மாட்டிட்டு உள்ள போயிருக்கீங்களா?

இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை வாட்டிகன் மியூசியம் வெச்சிருக்கேன், அது மாசத்தோட கடைசி ஞாயிறு, ஃப்ரீன்னு போட்டிருந்தாங்க. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, அது ஒத்து வருமா?

நடைராஜா:
மொதல்ல ஒரு கேள்வி, நிஜமாவே அஃபிஷியல் சைட்தானா? கூகுள்ல மொதல்ல வர்றது பூரா விளம்பரம், ரெட்டை விலைக்கு விப்பானுங்க.

பொள்ளாச்சிக்காரன்:
ஆமாங்க, டிக்கெட்டிங் டாட் கொலோசியோ டாட் ஐடி. ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் காசு கட்டுனேன்.

நடைராஜா:
அப்ப சரி. உங்க அக்கவுண்ட்ல லாகின் பண்ணி ஆர்டரைத் தொறந்து பேர் திருத்துற வழி எதாவது காட்டுதான்னு பாருங்க. இல்லைனா இன்னிக்கே ஆர்டர் நம்பர் போட்டு மெயில் அனுப்புங்க, வளவளன்னு எழுதாம "டிக்கெட்ல இப்படி இருக்கு, பாஸ்போர்ட்ல இப்படி இருக்கு"ன்னு ரெண்டே வரி. பாஸ்போர்ட் ஃபோட்டோவை அவங்க கேட்டா மட்டும் குடுங்க. அம்மா ஸ்பெல்லிங்குக்கு எல்லாம் கவலைப்படாதீங்க, ஒரு எழுத்தை யாரும் பாக்க மாட்டாங்க. சிக்கல் உங்க வீட்டம்மா டிக்கெட்தான், அதுலதான் பேரே வேற.

இந்த ரூல் 2023 அக்டோபர்ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி டிக்கெட்டை மொத்தமா அள்ளிட்டுப் போயி வெளிய விலை ஏத்தி வித்துட்டு இருந்தாங்க, சாதா ஆளுக்குக் கெடைக்கவே கெடைக்காது. அதைத் தடுக்கத்தான் பேரு. பேரைப் பாக்கறதே பிளாக்ல வாங்குனவனைப் புடிக்கத்தான், உங்கப்பா இனிஷியலைப் புடிக்க இல்ல. ஆனா கேட்ல நிக்கிறவர் மூடு எப்படி இருக்கும்னு நான் கேரண்டி குடுக்க முடியாது.

சும்மாவந்தேன்:
மேரேஜ் சர்டிஃபிகேட் கையில வெச்சுக்கங்க, காட்டிக்கலாம்.

நடைராஜா:
எந்த மேரேஜ் சர்டிஃபிகேட்? நம்ம ரிஜிஸ்டர் ஆபீஸ் சீல் வெச்சதை அங்க இருக்கற செக்யூரிட்டி படிச்சுப் பாத்து உள்ள விடுவாருன்னா சொல்றீங்க 😀

ஓய்வு வாத்தியார்:
சிரிக்காதீங்க தம்பி, அவர் சொல்ற வழி சரிதான், பேப்பர்தான் வேற. இந்தியன் பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அப்பா பேர், அம்மா பேர், கணவன் அல்லது மனைவி பேர்னு வரிசையா அச்சாகி இருக்கும், அட்ரஸும் அங்கதான் இருக்கும். உங்க வீட்டம்மா பாஸ்போர்ட்ல ஸ்பௌஸ் பேருன்னு உங்க பேர் இருந்தா, டிக்கெட்ல போட்ட லாஸ்ட் நேம் அதேதான்னு அங்கயே காட்டலாம், அரசாங்கம் அடிச்ச எழுத்து. உங்கப்பாவோடதுல அவங்கப்பா பேர் 'கே'ல ஆரம்பிக்கணும், அதுதானே இனிஷியல். நானும் என் வீட்டுக்காரியும் ரெண்டு வருசம் முன்னாடி வேற ஒரு ஊர் மியூசியத்துல இதே மாதிரி மாட்டி, இந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டித்தான் தப்பிச்சோம். ஆனா இது கைகாவலுக்குத்தான், மெயிலை அனுப்பாம இருந்துடாதீங்க. ஜெராக்ஸ் வேண்டாம், ஒரிஜினல் பாஸ்போர்ட்டே கையில இருக்கட்டும்.

இன்னொண்ணு, இனிமே சர்நேம் இல்லாதவங்களுக்கு இந்த மாதிரி ஃபார்ம் நிரப்புறப்ப இனிஷியல் போடாதீங்க. ஃபோட்டோ இருக்கற பக்கத்துல அடியில ரெண்டு வரி எழுத்தும் அம்புக்குறியுமா இருக்கு பாருங்க, சர்நேம் இல்லாட்டி இருக்கற ஒரே பேரை மெஷின் அங்க சர்நேம் எடத்துல போட்டிருக்கும். அதே பேரை ரெண்டு கட்டத்துலயும் போட்டுட்டா வம்பு இல்ல.

பொள்ளாச்சிக்காரன்:
ஐயா கால்ல விழறேனுங்க. இப்பத்தான் எடுத்துப் பாத்தேன், வீட்டம்மா பாஸ்போர்ட்ல எம்பேர் இருக்கு. அப்பாவோடதுல கந்தசாமின்னு தாத்தா பேரும் இருக்கு. இத்தனை வருசமா அந்தப் பக்கத்தை அட்ரஸுக்கு மட்டும்தான் திருப்பிருக்கேன். மெயிலும் அனுப்பிட்டேன்.

பலெர்மோ தம்பி:
அண்ணை, நான் பலெர்மோவில இருக்கிறன், ரோமுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போறனான். வாசல்ல "தொகுமெந்தோ" எண்டு கேப்பினம், பாஸ்போர்ட்டைத்தான் கேக்கினம், பயப்பிடாதேங்கோ. பெரிய பாக் கொண்டு போகாதேங்கோ, அங்க சாமான் வைக்கிற இடம் இல்லை, கண்ணாடிப் போத்தலும் விடாயினம்.

வாட்டிகனைப் பற்றிச் சொல்லுறன் கேளுங்கோ. கடைசி ஞாயிறு இலவசம் எண்டது உண்மை, ஆனா 9 மணிக்குத் திறந்து 12.30ஓட உள்ள விடுறதை நிப்பாட்டிப் போடுவினம், 2 மணிக்குப் பூட்டு. அண்டைக்கு புக் பண்ணவும் ஏலாது, மதிலோட ஒட்டி நிண்டு வெயில்ல காயவேணும். முழங்கால் நோவோட அம்மாவை அதுக்குள்ள விடாதேங்கோ. செவ்வாய்க்கு மாத்துங்கோ, ஆளுக்கு 20 யூரோ, ஒன்லைன் புக்கிங்குக்கு 5 கூட. அந்த டிக்கெட் 60 நாளைக்கு முன்னமே திறந்திருக்கும், காலமை எல்லாம் முடிஞ்சிருக்கும், பின்னேரத்தில பாருங்கோ. சைட் டாட் விஏ எண்டு முடியவேணும், வேற எதிலயும் காசைக் கட்டாதேங்கோ. ஞாயிறு தவிர மற்ற நாளில உள்ள வீல்செயார் காசில்லாமக் குடுப்பினம், ஒரு ஐடியை வாங்கி வைச்சிருப்பினம்.

கன பேர் விடுற பிழை ஒண்டு இருக்கு, செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில போய் லைன்ல நிண்டிட்டு மியூசியம் எங்கை எண்டு கேப்பினம். அது கோயிலுக்குப் போற லைன். மியூசிய வாசல் மதிலைச் சுத்தி அங்கால, நடந்தா கால் மணித்தியாலத்துக்கு மேல. மெட்ரோ ஏ லைன்ல ஒத்தாவியானோவில இறங்கி நேரா மியூசிய வாசலுக்குப் போங்கோ. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேணும், அம்மா சேலை கட்டினா ஒரு பிரச்சினையும் இல்லை, உங்கட அரைக் காற்சட்டைதான் பிரச்சினை 😄

பொள்ளாச்சிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. செவ்வாய் சாயங்காலம் 3.30 கெடைச்சுது, எடுத்துட்டேன், இந்த தடவை பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வெச்சுட்டு எழுத்தெழுத்தா அடிச்சேன். ஞாயிறு இப்ப காலி, எங்க போலாம்?

நடைராஜா:
பாந்தியன் போங்க, பழைய ரோமக் கோயில், இப்ப சர்ச், 5 யூரோ, 2023 ஜூலைல இருந்துதான் காசு வாங்கறாங்க. ஞாயித்துக்கிழமை பூசை நடக்கும், அந்த நேரத்தை விட்டுப் போங்க. படி கிடி எதுவும் இல்ல, அம்மாவுக்கு சுகம். மேல கூரைல சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு ஓட்டை, கண்ணாடி கிடையாது, மழை பேஞ்சா உள்ளயே பெய்யும், அந்தத் தண்ணி போறதுக்குத் தரை லேசா சரிஞ்சு சின்னச் சின்னத் தொளையா இருக்கும், பையனைத் தேடச் சொல்லுங்க. தரைல இருந்து ஓட்டை வரைக்கும் உயரமும் உள்வட்டத்தோட அகலமும் ஒண்ணு, 43 மீட்டர் சொச்சம். கம்பியே போடாத கான்க்ரீட், கிட்டத்தட்ட 1900 வருசம் ஆச்சு. எங்க தெருவுல போன வருசம் போட்ட சாக்கடை மூடி உடைஞ்சு போச்சு, அதை விடுங்க.

தண்ணி பாட்டில் வாங்கியே காசை அழிக்காதீங்க. தெருவுக்குத் தெரு இரும்புக் கொழாய் நிக்கும், வளைஞ்ச மூக்கு மாதிரி, நசோனின்னு சொல்வாங்க, எந்நேரமும் ஊத்திட்டே இருக்கும், குடிக்கற தண்ணிதான். கீழ விரலால அடைச்சா மேல இருக்கற சின்ன ஓட்டைல பீச்சி அடிக்கும், குனியாமக் குடிக்கலாம். ஸ்பானிஷ் ஸ்டெப்ஸ்ல மட்டும் அம்மாவை உக்கார வெச்சுடாதீங்க, 2019ல இருந்து அங்க உக்காந்தா ஃபைன்.

ஓய்வு வாத்தியார்:
திங்கக்கிழமை கொலோசியத்துக்குப் பக்கத்துல ஃபோரம்னு பழைய ரோம் நகர இடிபாடு இருக்கே, அங்க போறப்ப மாக்சென்டியஸ் பசிலிக்கான்னு மூணு பெரிய வளைவு நிக்கும், அங்க ரெண்டு நிமிசம் நில்லுங்க. அது கட்டுறதுக்கு முன்னாடி அந்த எடத்துல டொமிஷியன்ங்கற ரோமப் பேரரசன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்துச்சு. ஹோரியா பிப்பெரடாரியான்னு பேரே மிளகுக் கிடங்குன்னுதான். நம்ம சேர நாட்டு முசிறித் துறைமுகத்துல கப்பலேறின மிளகுக்கு அந்த ஊர்ல தனியாக் கிடங்கு கட்டிருக்கான். பொன்னோட வந்து மிளகோட போனாங்கன்னு சங்கப் பாட்டுல படிச்சோமே, அந்த மிளகு போய் எறங்கின எடம் இது.

பொள்ளாச்சிக்காரன்:
போயிட்டு வந்துட்டோம்ங்க, கேட்டுட்டு அப்படியே போயிட்டான்னு நினைச்சுக்கக் கூடாதுன்னு எழுதறேன், பின்னாடி வர்றவங்களுக்கும் உதவும்.

மெயிலுக்கு அஞ்சாவது நாள் பதில் வந்துச்சு, வீட்டம்மா பேரை மாத்திப் புது டிக்கெட் அனுப்பிட்டாங்க. அப்பாவோட 'கே' பத்தி ஒரு வார்த்தை இல்ல. சரி ஆனது ஆகட்டும்னு போனோம். கேட்ல ஒரு அம்மிணி, டிக்கெட்டைப் பாக்கறாங்க, பாஸ்போர்ட்டைப் பாக்கறாங்க, மறுபடி டிக்கெட்டைப் பாக்கறாங்க, 'கே' மேல வெரலை வெச்சு என்னமோ கேட்டாங்க. நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பி கந்தசாமில வெரலை வெச்சு ஃபாதர் ஃபாதர்னேன். அவங்க அப்பாவைப் பாத்து "பாப்பா?"ன்னாங்க, இத்தாலில அப்பாவுக்கு அப்படித்தான் சொல்வாங்களாம். எங்கப்பாவுக்கு பாப்பான்னா சின்னப் புள்ளைதானுங்களே, "ஆரு பாப்பா? எனக்கு எழுவத்தி ரெண்டு வயசாச்சு"ன்னு பலமாச் சொன்னாரு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல, சிரிச்சுட்டே கைய ஆட்டி உள்ள அனுப்பிட்டாங்க.

அம்மா மேல் மாடிக்கு ஏறல, படி செங்குத்தா இருந்துச்சு, லிஃப்ட் இருக்குன்னாங்க, வேண்டாம்னுட்டாங்க. கீழயே உக்காந்து செவுத்தைப் பாத்துட்டு இருந்தாங்க, அந்தக் கல்லு பூரா கை நுழையற அளவுக்கு ஓட்டை ஓட்டையா இருக்கும்ங்க, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல போட்டிருந்த இரும்புப் பட்டையை பிற்காலத்துல தோண்டி எடுத்துட்டுப் போனதுதானாம். அம்மா அதைக் கேட்டுட்டு "அங்கயும் இரும்பு திருடறவன் இருந்திருக்கான் பாரு"ன்னாங்க. மிளகுக் கிடங்கு எடத்துலயும் நின்னோம் ஐயா, அப்பா மட்டும் தனியாப் போயி கொஞ்ச நேரம் மோந்து பாத்துட்டு வந்தாரு.